துருதுருப்பான பிள்ளையும் நாமும்

(தோட்டத்துப் பிள்ளை நிலையத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், நிலையத்தில் வேலை செய்வோர் சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சு.)



ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், கடைத்தெருவுக்குப் போய்வர வேண்டும். அத்தனை வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதற்காக முதலில் நன்றி சொல்கிறோம். உங்களை நீண்ட நேரம் இருத்தி வைக்க மாட்டோம்.

இன்றைக்கு நாம் பேசப் போவது ஒரு பையனைப் பற்றி. அவன் உங்கள் வீட்டிலும் இருப்பான், அடுத்த காம்பராவிலும் இருப்பான். வயது மூன்று, நான்கு. காலையில் கண் விழித்ததும் ஓடத் தொடங்குவான். இஸ்தோப்பிலிருந்து குதிப்பான். கோழியைத் துரத்துவான். ஏன், எதுக்கு, எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பான். சோற்றுக்குக் கூப்பிட்டால் வரமாட்டான், கூப்பிடாத இடத்துக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்பான். காலையில் அவனைக் கொண்டுவந்து விடும்போது அம்மாமார் எங்களிடம் சொல்வது ஒரே வார்த்தைதான்: "அக்கா, இவன என்னால மேய்க்க முடியல. நீங்களாச்சும் ரெண்டு போடு போடுங்க."

எங்கள் பாட்டிமார் காலத்தில் இந்த இடத்துக்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். பிறகு பிள்ளைக்காம்பரா என்றார்கள். சேலையில் தொட்டில் கட்டி, பிள்ளையைப் படுக்க வைத்து, அம்மா மலையிலிருந்து வரும்வரை அழாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்த காலம் அது. சத்தம் போடாத பிள்ளை நல்ல பிள்ளை. ஓடுகிற பிள்ளை குழப்படிக்காரன். இன்றைக்கு இதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறோம். பெயர் மாறிவிட்டது. ஆனால் ஓடுகிற பிள்ளையைப் பற்றிய நம் நினைப்பு மாறியிருக்கிறதா? உண்மையைச் சொன்னால், எங்களிடமும் முழுதாக மாறவில்லை. அதனால் ஒரு பெரிய ஆபத்து வந்து தப்பியது. அதைத்தான் இன்று உங்களிடம் ஒளிக்காமல் சொல்லப் போகிறோம்.

அதற்கு முன்னால் அந்தப் பையன் தருகிற சந்தோசத்தைச் சொல்லியாக வேண்டும். அவன் யாரென்று உங்களில் பலருக்குத் தெரியும். அவன் அம்மாவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் சொல்கிறோம். பெயர் வேண்டாம், பையன் என்றே சொல்வோம்.

பெரட்டுக்களம் நடத்திய பையன்

அவனுக்கு அப்போது நாலு வயது. தினமும் காலையில் நிலையத்து முற்றத்தில் பெரட்டுக்களம் நடத்துவான். சின்னப் பிள்ளைகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி வைப்பான். கையில் ஒரு பழைய கொப்பி. "நீ ஏழாம் நம்பர் மலைக்குப் போ, நீ புல்லு வெட்டப் போ" என்று ஆளுக்கு ஒரு வேலை பிரித்துக் கொடுப்பான். பிள்ளைகள் இலை பறித்துக்கொண்டு வந்தால், இரண்டு சிரட்டையைக் கயிற்றில் கட்டித் தராசு மாதிரிப் பிடித்து நிறுப்பான். குறைந்துபோனால், "ஒனக்கு அரைப்பேருதான்!" என்று சத்தம் போடுவான். அதைக் கேட்டு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எண்ணுகிறான், பிரிக்கிறான், கூடுதல் குறைச்சல் பார்க்கிறான், பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வேலை செய்ய வைக்கிறான். முதலாம் வகுப்பில் டீச்சர் சொல்லித்தரப் போகிற கணக்கைச் சிரட்டையிலேயே படித்துவிட்டான். சிரட்டையை எடுத்தான், கயிற்றைத் தொட்டான், முற்றத்தைக் குப்பையாக்கினான் என்று நாம் திட்டியிருந்தால் அது அத்தோடு போயிருக்கும்.

இன்னொரு நாள் ஒரு சின்னப் பிள்ளை விழுந்து முழங்காலில் இரத்தம் வந்தது. எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்த் தண்ணீர்க் கோப்பையைக் கொண்டுவந்தது அவன்தான். துருதுருப்பான பிள்ளையிடம் இந்த வேகமும் இருக்கிறது. கெட்டதுக்கு ஓடுகிற கால்தான் நல்லதுக்கும் ஓடுகிறது.

இந்த வயதுப் பிள்ளை ஏன் இப்படி ஓடுகிறது? அதன் உடம்பு அப்படித்தான் கேட்கும். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கென்று ஓர் ஆலோசனை வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம், அதாவது மூன்று மணித்தியாலம், உடம்பை அசைத்து விளையாட வேண்டும். அதில் ஒரு மணித்தியாலமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். பகல் தூக்கத்தோடு சேர்த்து 10 முதல் 13 மணித்தியாலம் தூங்க வேண்டும். இப்போது நம் லயத்தைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதில் ஐந்தாறு பேர். நடுவில் அடுப்பு. வெளியே மழை. மூன்று மணித்தியாலம் ஓட வேண்டிய பிள்ளை எங்கே ஓடும்? சுவரில்தான் ஏறும். காம்பராவின் குறையைப் பிள்ளையின் குற்றம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அந்த மழை நாள்

ஓர் ஐப்பசி மாதம். காலையில் நல்ல வெயில். பையனின் அம்மா தலைக்குப் போடுகிற பொலித்தீன் விரிப்பைப் பிள்ளையின் பையோடு வைத்துவிட்டு, மேல் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனார். பின்னேரம் மூன்று மணிக்கு வானம் இருட்டி மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து லொறி வரப் பிந்தியது. நிறுவை முடியவும் பிந்தியது. மற்ற அம்மாமார் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இவன் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட போகணும்" என்று கத்திக்கொண்டு நின்றான்.

அப்போது எங்களில் ஒருவர், நாள் முழுக்க நின்ற களைப்பில், "சும்மா இருடா. இப்பிடிக் கத்துனா போலிஸ் வந்து புடிச்சிட்டுப் போயிரும்" என்று சொன்னார். நாம் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். வீட்டில் அப்பா சொல்கிறார், பாட்டி சொல்கிறார், நாங்களும் சொன்னோம். பையன் உடனே வாயை மூடிக்கொண்டான். அடங்கிவிட்டான் என்று நினைத்தோம். இன்னொரு கைக்குழந்தைக்குத் துணி மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கதவின் கொக்கி கழன்றிருக்கிறது. பையனைக் காணோம்.

அடுத்த ஒன்றரை மணித்தியாலம் எப்படிப் போனது என்று எங்களுக்குத்தான் தெரியும். லயத்தில் தேடினோம். பீலியடியில் தேடினோம். கோயிலடியில், ஸ்டோர் பக்கம் தேடினோம். ஓடையில் தண்ணீர் செம்மண்ணாய்ப் புரண்டு போகிறது. அதன் ஓரத்தில் நின்று கீழே பார்க்க எங்களுக்குக் கால் நடுங்கியது. இருட்டிவிட்டது. தோட்டத்து ஆம்பிளைகள் டோர்ச் எடுத்துக்கொண்டு மலைப்பாதை முழுக்க அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். ஒரு சத்தமும் இல்லை.

அம்மா கூடையோடு ஓடி வந்தார். கூடையை வழியிலேயே போட்டுவிட்டார். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. பாதையில் ஏறிக்கொண்டே, சோறூட்டும்போது கூப்பிடுகிற மாதிரி, "தங்கம், அம்மா வந்துட்டேன்டா" என்று கூப்பிட்டார். ஆம்பிளைகள் மூன்று தடவை தாண்டிப் போன அதே இடத்தில், கானுக்குள்ளேயிருந்து, தேயிலைச் செடிக்குக் கீழால் பையன் எழுந்து வந்தான். தொப்பலாக நனைந்திருந்தான். காலெல்லாம் அட்டை. கையில் அந்தப் பொலித்தீன் விரிப்பு. மழையில் நனைகிற அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் போயிருக்கிறான்.

அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "போலிஸ் போயிருச்சாம்மா?"

டோர்ச் வெளிச்சத்தையும் ஆம்பிளைக் குரல்களையும் அவன் போலிஸ் என்றே நினைத்திருக்கிறான். தன்னைக் காப்பாற்ற வந்தவர்களுக்குப் பயந்து தண்ணீர் ஓடுகிற கானுக்குள் ஒளிந்திருக்கிறான். தாய்மாரே, நாம் பிள்ளையை அடக்கச் சொன்ன ஒரு பொய் அவனைக் கொன்றிருக்கும்.

கதை அங்கே முடியவில்லை. அப்பா வந்தார். பயமும் கோபமும் சேர்ந்து, எல்லோர் முன்னாலும் அவனை ஓங்கி ஒரு அடி அடித்தார். அதற்குப் பிறகு ஒரு கிழமை அவன் பெரட்டுக்களம் நடத்தவில்லை. ஓடவில்லை. கேள்வி கேட்கவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். நாம் இத்தனை நாளாய் ஆசைப்பட்ட அடக்கமான பிள்ளை கிடைத்துவிட்டான். ஆனால் அதைப் பார்க்க எங்கள் ஒருவருக்கும் மனம் தாங்கவில்லை.

அதன் பிறகு நாம் செய்தவை

முதலில் நாங்கள் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். நாலு வயதுப் பிள்ளையிடமா என்று நினைக்க வேண்டாம். "அக்கா சொன்னது பொய். போலிஸ் பிள்ளைகளைப் புடிக்காது. வழி தெரியாமப் போனா கூட்டிக்கிட்டு வந்து அம்மாகிட்ட விடும்" என்று சொன்னோம். அவன் பேர், அப்பா அம்மா பேர், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனையாம் நம்பர் லயம் என்பதையெல்லாம் பாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுத்தோம். இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். நீங்களும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். போலிஸ், துரை, டாக்டர் ஊசி, பேய், பூச்சாண்டி என்று இனி யாரும் பயம் காட்ட வேண்டாம். ஊசியைக் காட்டிப் பயமுறுத்திய பிள்ளையை, மூன்று வயதுத் தடுப்பூசிக்கும் ஐந்து வயதுத் தடுப்பூசிக்கும் எப்படிக் கூட்டிக்கொண்டு போவீர்கள்?

இரண்டாவது, கதவின் கொக்கியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாற்றினோம். கடைசிப் பிள்ளை போகும்வரை ஒருவர் வாசலிலேயே நிற்கிறோம். யார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள் என்று கொப்பியில் எழுதுகிறோம். கணக்கப்பிள்ளை ஐயாவோடும் கதைத்தோம். இப்போது நிலையத்தில் பிள்ளை விட்டிருக்கிற அம்மாமாரின் கொழுந்தை முதலில் நிறுக்கிறார்கள். கேட்டிருந்தால் முன்பே செய்திருப்பார்கள். நாம்தான் கேட்கவில்லை.

மூன்றாவது, அப்பாவோடு கதைக்க வீட்டுக்குப் போனோம். அவர் கேட்டார்: "நாங்கெல்லாம் அடி வாங்கித்தானே வளந்தோம், கெட்டா போயிட்டோம்?" நாங்கள் திருப்பிக் கேட்டோம்: "அண்ணே, அடி வாங்குனதால வளந்தீங்களா, அடி வாங்கியும் வளந்தீங்களா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்த ஓடையப் பாத்ததும் எனக்கு உசிரே போயிருச்சு. அதான் கை ஓங்கிருச்சு." அவர் கெட்ட அப்பா இல்லை. பயத்தைச் சொல்லத் தெரியாமல் அடித்துவிட்டார். நம்மில் எத்தனை பேருடைய அடி அப்படிப்பட்டது!

அடி அந்த நிமிடம் பிள்ளையை நிறுத்தும். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தராது. ஒளிக்கவும் பொய் சொல்லவும்தான் பழக்கும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பள்ளியில் டீச்சர் செய்யக்கூடாததை நிலையத்தில் நாங்களும் செய்யக்கூடாது, வீட்டில் நாமும் செய்யக்கூடாது.

அப்படியானால் என்ன செய்வது?

அடிக்காமல் விட்டால் தலையில் ஏறி உட்காருவான் என்று பாட்டிமார் சொல்வது கேட்கிறது. கண்டிப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் செய்து பார்த்துப் பலன் கண்ட சில காரியங்களைச் சொல்கிறோம்.

ஒன்று: "ஓடாதே" என்பதற்குப் பதிலாக "என் கையைப் புடிச்சு நட" என்று சொல்லுங்கள். செய்யக்கூடாததைச் சொன்னால் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. செய்ய வேண்டியதைச் சொன்னால் செய்வான்.

இரண்டு: விளையாட்டின் நடுவில் திடீரென்று பிடித்து இழுக்க வேண்டாம். "இன்னும் ரெண்டு தடவ ஓடிட்டு வா, சாப்பிடுவோம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பெரட்டு மணி அடிக்காமல் துரை வேலைக்கு விரட்டினால் நமக்கே கோபம் வராதா?

மூன்று: வேலை கொடுங்கள். கிழங்கை எண்ணிக் கூடையில் போடட்டும், சட்டையை மடிக்கட்டும், கோழிக்குத் தீனி வைக்கட்டும். வேலை கிடைத்த கைக்குச் சேட்டை குறையும்.

நான்கு: வீட்டில் ஒரே சட்டம் இருக்கட்டும். அம்மா வேண்டாம் என்றதை அப்பா வாங்கிக் கொடுத்து, பாட்டி ஒளித்து வைத்துக் கொடுத்தால், பிள்ளை யார் சொல்லைக் கேட்கும்?

ஐந்து: நல்லது செய்யும்போது பார்த்துச் சொல்லுங்கள். குழப்படி செய்தால் மட்டும் நாம் திரும்பிப் பார்க்கிறோம். நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்க அவன் குழப்படியே செய்வான்.

ஆறு: மலையிலிருந்து வந்ததும் அடுப்படிக்குப் போக முன்னால் பத்து நிமிடம் அவனுக்குக் கொடுங்கள். கால் வலிக்கும், முதுகு வலிக்கும், எங்களுக்குத் தெரியும். உட்கார்ந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு என்னா செஞ்ச?" என்று கேளுங்கள். நாள் முழுக்கக் காத்திருந்த பிள்ளை அது. அந்தப் பத்து நிமிடம் கிடைத்தால் பிறகு உங்களைச் சமைக்க விடும். அப்பாமாருக்கும் இதைச் சொல்கிறோம். வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வாருங்கள். தோளில் தூக்கிக்கொண்டு கோயில்வரை போய் வந்தால் போதும், பிள்ளை அதை வாழ்நாள் முழுக்க மறக்காது.

போனைக் கையில் கொடுத்தால் அடங்கி இருக்கிறானே என்கிறீர்கள். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது, குறையக் குறைய நல்லது என்று அதே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போனில் அடங்கிய பிள்ளை ஓடவும் இல்லை, கதைக்கவும் இல்லை.

சாப்பாடும் ஆபத்தும்

எரிந்து விழுகிற பிள்ளை சில வேளை பசித்த பிள்ளையாக இருக்கும், தூக்கம் போதாத பிள்ளையாக இருக்கும். உலகத்துக்குத் தேயிலை கொடுக்கிற நாம் ஒன்றை மறக்கக் கூடாது. சாப்பாட்டோடு கொடுக்கிற சாயத்தண்ணி, சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. ரொட்டியும் தேத்தண்ணியும் பிள்ளையின் வயிற்றை நிரப்பும், இரத்தத்தை ஊறவைக்காது. இந்த வயதில் சாயத்தண்ணி வேண்டாம், கொதித்தாறிய தண்ணீர் கொடுங்கள். பருப்பு, கீரை, நெத்தலி, முட்டை, அதோடு ஒரு கொய்யாப்பழமோ கொஞ்சம் தேசிக்காய்ப் புளியோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். பிள்ளைக்குத் தருகிற திரிபோஷாவை வீடு முழுக்கப் பங்கு போட வேண்டாம். பூச்சி மருந்தையும் நிறை பார்க்கிற நாளையும் தவறவிட வேண்டாம்.

ஓடுகிற பிள்ளைக்கு வீட்டிலே ஆபத்து அதிகம். அடுப்பைச் சுற்றி ஒரு தடுப்பு வையுங்கள். சுடுதண்ணீர்ப் பானையைத் தரையில் வைக்க வேண்டாம். சுட்டுவிட்டால் பற்பசை, எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாமல் 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் பிடித்து, வைத்தியரிடம் கொண்டு போங்கள். மண்ணெண்ணெயையும் களைநாசினியையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குளவிக் கூட்டுக்குக் கல்லெறியக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிக் கொடுங்கள்.

ஓடியாடுகிற பிள்ளையெல்லாம் நோயாளி இல்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, மூன்று வயதாகியும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, யாரோடும் சேராத பிள்ளை என்றால், "வளர்ந்தால் சரியாகும்" என்று இருக்க வேண்டாம். எங்களிடமோ மருத்துவமாதுவிடமோ சொல்லுங்கள். பிள்ளைக்குக் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையன் இப்போது முதலாம் வகுப்புக்குப் போகிறான். சேட்டை குறையவில்லை. போன கிழமை பள்ளி விட்டு வரும் வழியில் இங்கே ஓடி வந்தான். கொக்கியைப் பார்த்துவிட்டு, "அக்கா, இப்ப எனக்கு எட்டும்" என்றான். ஸ்டூலில் ஏறித் தொட்டும் காட்டினான். விழுந்து வைக்கப் போகிறானே என்று எங்களுக்குப் பதறியது. ஆனால் "போலிஸ்" என்று ஒருவரும் சொல்லவில்லை. "சரிடா, இப்ப மெதுவா எறங்கு பாப்போம்" என்றோம். இறங்கினான்.

இப்படியான பிள்ளைகளைப் பயமில்லாமல் வளர்த்தெடுக்க நீங்களும் நாங்களும் சேர்ந்து பாடுபடுவோம்.